அமெரிக்காவில் ஆஸ்திரேலியர்களும் டொமினிகன்களும்: வருமானம், வாடகை, விசா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் குடியேறியவர்களில் எந்த நாட்டுக்காரர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று ஒரு பட்டியல் இணையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதில் ஆஸ்திரேலியர்கள் மேல்வரிசையில் இருப்பார்கள், டொமினிகன்கள் கீழ்வரிசையில். பார்த்தவுடன் "அவர்கள் உழைப்பாளிகள், இவர்கள் அப்படியில்லை போலிருக்கிறது" என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம்.

நான் நியூயார்க்கில் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியில் சில ஆண்டுகள் குடியிருந்தவன். குளிர்காலச் சனிக்கிழமைகளில் அங்கே நடக்கும் இலவச முகாமில் வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். எதிரே வந்து உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் டொமினிகன்கள். அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் ஒரு மெல்போர்ன்காரர். இரண்டு பக்கத்தையும் கிட்ட இருந்து பார்த்ததால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

டொமினிகன் என்றால் டொமினிக்கா தீவுக்காரர்களா?

இல்லை. டொமினிக்கா என்பது சுமார் 70,000 பேர் வாழும் சின்னத் தீவு. முன்பு பிரிட்டிஷாரிடம் இருந்தது, ஆங்கிலம் பேசுவார்கள். இங்கே நாம் பேசுவது டொமினிகன் குடியரசு பற்றி. கரீபியக் கடலில் உள்ள ஹிஸ்பானியோலா தீவின் மேற்கே ஹெய்ட்டி, கிழக்கே இந்த நாடு. தலைநகர் சாண்டோ டொமிங்கோ, மொழி ஸ்பானிஷ், மக்கள்தொகை ஒரு கோடிக்குச் சற்று மேல்.

இரண்டு சமூகங்களும் எவ்வளவு பெரியவை?

அளவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். டொமினிகன் குடியரசில் பிறந்து அமெரிக்காவில் வாழ்பவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைகளையும் சேர்த்தால் 24 லட்சம் அளவில் வரும். நியூயார்க் நகரில் வெளிநாட்டில் பிறந்தவர்களில் முதலிடம் இவர்களுக்குத்தான். மன்ஹாட்டனின் வடகோடியான வாஷிங்டன் ஹைட்ஸ், இன்வுட், ஆற்றைத் தாண்டினால் பிராங்ஸ், நியூ ஜெர்சியில் பேட்டர்சன், மாசசூசெட்ஸில் லாரன்ஸ், ரோட் ஐலண்டில் பிராவிடன்ஸ் என்று கூட்டமாக வாழ்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்கள் ஒரு லட்சம் அளவில்தான். கலிஃபோர்னியாவில் அதிகம், நியூயார்க்கிலும் ஓரளவு. கூட்டமாக வாழும் பேட்டை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது.

வருமான இடைவெளி எவ்வளவு?

பெரியதுதான், அதை மழுப்பத் தேவையில்லை. 2016 அளவில் டொமினிகன் குடியரசில் பிறந்தவர் தலைமையிலான குடும்பங்களின் இடைநிலை வருமானம் ஆண்டுக்கு 40,000 டாலர் அக்கம்பக்கம் இருந்தது. அப்போது நாடு முழுவதற்குமான அளவு சுமார் 58,000 டாலர். ஆஸ்திரேலியர்கள் அந்த நாட்டு அளவைவிட நன்றாகவே மேலே இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். சொந்த வீடு, கல்லூரிப் பட்டம், வேலையின்மை, வறுமை என்று எந்த வரிசையை எடுத்தாலும் இதே திசைதான்.

இடைநிலை, சராசரி, தலா வருமானம்: எதை நம்புவது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாண்டோ டொமிங்கோவில் பிறந்த பேஸ்பால் வீரர் ஹுவான் சோட்டோ, 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் அணியோடு 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். ஆண்டுக்கு 5.1 கோடி டாலர். அந்த ஒரு மனிதரின் சம்பளத்தை 12 லட்சம் டொமினிகன்களுக்கும் பங்கு போட்டால் தலைக்கு 42 டாலர் ஏறும். அதே சம்பளத்தை ஒரு லட்சம் ஆஸ்திரேலியர்களுக்குப் பங்கு போட்டால் தலைக்கு 510 டாலர் ஏறிவிடும். சிறிய கூட்டத்தில் ஒரு பணக்காரர் இருந்தால் போதும், சராசரி எகிறிவிடும். எல்லாரையும் வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைப் பார்ப்பதுதான் இடைநிலை. அதை இப்படி ஒரு ஆள் அசைக்க முடியாது. அதனால் சராசரி போட்ட பட்டியலை நான் தள்ளி வைத்துவிடுவேன்.

குடும்ப வருமானத்துக்கும் தலா வருமானத்துக்கும் உள்ள வேறுபாடு இன்னொரு சிக்கல். உதாரணத்துக்கு, ஒரு வீட்டில் ஐந்து பேர், மூவர் வேலைக்குப் போகிறார்கள், மொத்தம் 75,000 டாலர் வருகிறது. குடும்ப வருமானமாகப் பார்த்தால் சுமார்தான் என்று தோன்றும், தலைக்குப் பார்த்தால் 15,000. இன்னொரு வீட்டில் கணவன் மனைவி மட்டும், 1,50,000 டாலர். முதல் வீட்டைப்போல் குடும்ப வருமானம் இரண்டு மடங்கு, தலா வருமானமோ ஐந்து மடங்கு. டொமினிகன் வீடுகளில் பாட்டி, மகள், பேரன், ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பி எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது சகஜம். துணையின்றித் தாய் மட்டும் நடத்தும் குடும்பங்களும் மிக அதிகம். இரண்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை பிடிபடும்.

"ஆஸ்திரேலியர்" என்று யாரை எண்ணுகிறார்கள்?

இந்தப் புள்ளிவிவரங்களில் பெரும்பாலானவை அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஆண்டுதோறும் நடத்தும் அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேயிலிருந்து வருபவை. அதில் பிறந்த நாடும் கேட்கிறார்கள், பூர்விகமும் கேட்கிறார்கள். இரண்டும் வேறு வேறு விடை தரும். ஆஸ்திரேலியர் என்றே உலகம் அறிந்த நடிகை நிக்கோல் கிட்மன் பிறந்தது ஹவாயின் ஹோனலுலுவில். பிறந்த நாட்டுக் கணக்கில் அவர் அமெரிக்காவில் பிறந்தவர்.

நம்மவர்களுக்கும் இதில் இடமுண்டு. மதுரையில் பிறந்து, சிட்னியில் குடியுரிமை வாங்கி, ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டோடு டெக்சாஸுக்கு வேலைக்கு வந்தவர் இந்தக் கணக்கில் இந்தியாவில் பிறந்தவராகவே விழுவார். அவருடைய சிட்னியில் பிறந்த மகள் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். ஒரே வீட்டுக்குள் இரண்டு பட்டியல்.

சர்வே என்பது மாதிரிக் கணக்கு என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு லட்சம் பேர் கொண்ட கூட்டத்திலிருந்து ஓர் ஆண்டின் மாதிரியில் விழுபவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் இருக்க முடியும். அதனால் ஆஸ்திரேலியர் எண்கள் வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கும். டொமினிகன் எண்கள் அப்படி ஆடாது.

ஏன் இவ்வளவு வித்தியாசம்?

விசாதான் முதல் காரணம், இரண்டாம் காரணம், மூன்றாம் காரணம் என்று நான் சொல்வேன். மொழியும் படிப்பும்கூட அதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

2004-இல் அமெரிக்கா இரண்டு வணிக ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டது. ஒன்று மே மாதம் ஆஸ்திரேலியாவுடன். மற்றொன்று ஆகஸ்டில் டொமினிகன் குடியரசும் மத்திய அமெரிக்க நாடுகளும் சேர்ந்த ஒப்பந்தம். ஆஸ்திரேலிய ஒப்பந்தம் 2005 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் ஆஸ்திரேலியக் குடிமக்களுக்கென்றே இ-3 என்ற வேலை விசாவை உருவாக்கியது. ஆண்டுக்கு 10,500 இடம். பட்டப்படிப்பு தேவைப்படும் வேலை ஒன்று கையில் இருந்தால் போதும், குலுக்கல் கிடையாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். கணவனோ மனைவியோ கூட வந்து வேலை பார்க்கலாம். அந்த 10,500 இடம் ஒரு வருடம்கூட முழுவதும் தீர்ந்ததில்லை. எச்-1பி குலுக்கலில் பெயர் வராமல் மூன்று முறை ஏமாந்த நம் பிள்ளைகளுக்கு இதன் அருமை தெரியும்.

டொமினிகன் குடியரசுடனான ஒப்பந்தம் 2007 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சட்டை, சுருட்டு, சர்க்கரைக்கு வழி திறந்தது. மனிதர்களுக்கு ஒரு விசாகூட அதோடு வரவில்லை.

அப்படியானால் டொமினிகன்கள் எப்படி வருகிறார்கள்? கிட்டத்தட்ட எல்லாருமே உறவு வழியில்தான். முதலில் ஒருவர் வருகிறார், கிரீன் கார்டு கிடைத்ததும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மனு போடுகிறார், குடியுரிமை கிடைத்ததும் அம்மாவுக்கு, பிறகு அண்ணன் தங்கைக்கு. உடன்பிறந்தோர் வரிசையில் காத்திருக்கும் காலம் 15 ஆண்டுக்கும் மேல். இந்த வழியில் படிப்புச் சான்றிதழோ வேலைக் கடிதமோ ஆங்கிலப் பரீட்சையோ வருபவரிடம் யாரும் கேட்பதில்லை, முக்கியமாக உறவு உண்மையா என்றுதான் பார்க்கிறார்கள். அம்மாவை அம்மாவாக அழைத்துக்கொள்ள முடிகிற இந்த ஏற்பாட்டை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் இப்படி வருபவர்களில் விவசாயியும் இருப்பார், தையல்காரரும் இருப்பார், ஐம்பது வயதில் புது மொழி கற்க வேண்டியவரும் இருப்பார். ஒரு நாட்டின் பலதரப்பட்ட மனிதர்கள் வருகிறார்கள்.

இ-3 வழியாக வருபவர் கிட்டத்தட்ட எல்லாரும் பட்டதாரி, பெரும்பாலோர் ஆங்கிலம் தாய்மொழியாகவோ அதற்கு நிகராகவோ பேசுபவர், எல்லாருக்கும் விமானம் ஏறும் முன்பே வேலை. இப்படிப் பொறுக்கியெடுத்த கூட்டத்தையும் அப்படிப் பொறுக்காத கூட்டத்தையும் பக்கத்தில் நிறுத்தி, "யார் உசத்தி" என்று கேட்பதே தப்பான கேள்வி என்பது என் கருத்து.

அமெரிக்காவில் ஏழை ஆஸ்திரேலியர்கள் இல்லவே இல்லையா?

இருக்கிறார்கள், ஆனால் வருவதற்கே காரணம் குறைவு. 2025 ஜூலையில் ஆஸ்திரேலியாவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 ஆஸ்திரேலிய டாலர் ஆனது. அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009-இலிருந்து 7.25 டாலரிலேயே நிற்கிறது. நாணய மாற்றைக் கழித்தாலும் அங்கே இரண்டு மடங்கு. உடம்புக்கு முடியவில்லை என்றால் அங்கே அரசு மருத்துவம் உண்டு. பெர்த்தில் ஓட்டல் பாத்திரம் துலக்குபவர் எதற்காக அமெரிக்காவுக்கு வந்து பாத்திரம் துலக்க வேண்டும்?

வந்தவர்களில் தடுமாறுபவர்கள் கணக்கிலிருந்து மறைந்தும் விடுகிறார்கள். என் பக்கத்து மேசை மெல்போர்ன்காரர் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஆட்குறைப்பில் வேலையை இழந்தார். விசா வேலையோடு கட்டப்பட்டது. அடுத்த வேலை தேட அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அவர் நாற்பதாவது நாள் சாமானைக் கட்டிவிட்டார். "ஊரில் அம்மா வீடு இருக்கிறது, கொஞ்ச நாள் கடற்கரையில் நடந்துவிட்டு யோசிப்பேன்" என்றார். அடுத்த வருட சர்வே அவருடைய அமெரிக்க வாசலைத் தட்டியபோது அங்கே வேறு யாரோ இருந்திருப்பார்கள். வேலையிழந்த ஆஸ்திரேலியர் ஒருவர் குறைந்தார், ஆஸ்திரேலியர்களின் வேலையின்மை விகிதம் அந்த அளவுக்கு அழகாகத் தெரிந்தது.

டொமினிகன் பெண்மணி வேலையிழந்தால் எங்கும் போவதில்லை. கிரீன் கார்டு இருக்கிறது, பிள்ளைகள் பள்ளியில், அம்மா பக்கத்து அறையில். இருந்து சமாளிக்கிறார், அதனால் கணக்கிலும் இருக்கிறார்.

ஆஸ்திரேலியர்கள் எப்போதுமே மதிப்பான குடியேறிகளாக இருந்தார்களா?

இதைக் கேட்பவர்கள் குறைவு, கேட்க வேண்டிய கேள்வி. 1849-இல் கலிஃபோர்னியாவில் தங்க வேட்டை சூடுபிடித்தபோது கப்பல் கப்பலாக ஆஸ்திரேலியாவிலிருந்து ஆட்கள் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தார்கள். அவர்களில் பலர் பிரிட்டன் நாடுகடத்திய கைதிகளாக இருந்தவர்கள். அவர்கள் இருந்த பேட்டைக்கு 'சிட்னி டவுன்' என்று பெயர். 'சிட்னி டக்ஸ்' என்றாலே ரவுடிக் கும்பல் என்று அர்த்தம். 1851 ஜூனில் நகரத்து வணிகர்கள் சட்டத்தைத் தாங்களே கையில் எடுத்து அமைத்த விழிப்புக் குழு முதன்முதலில் தூக்கில் போட்ட ஜான் ஜென்கின்ஸ் சிட்னியிலிருந்து வந்தவர்தான். ஆஸ்திரேலியன் என்று தெரிந்தாலே சந்தேகத்தோடு பார்த்த காலம் அது.

டொமினிகன்கள் எப்போது, ஏன் வந்தார்கள்?

1930 முதல் 1961 வரை ரஃபயேல் ட்ரூஹியோ என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. கடவுச்சீட்டே சுலபத்தில் கிடைக்காது. 1961 மே 30 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கதவு திறந்தது. 1965 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் மூண்டது, அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் 20,000-க்கும் மேற்பட்ட படையினரை இறக்கினார். அதே 1965-இல் அமெரிக்காவின் புதிய குடியேற்றச் சட்டமும் வந்தது. அரசியல் அச்சத்தில் வந்தவர்களுக்குப் பின்னால் 1980-களின் பொருளாதாரச் சரிவில் வந்தவர்கள், 2003-இல் பனின்டெர் வங்கி திவாலாகி அந்நாட்டு நாணயமான பீசோவின் மதிப்பு விழுந்தபோது வந்தவர்கள் என்று அலை அலையாக வந்தார்கள்.

வந்த நேரமும் பொல்லாத நேரம். 1970-களில் நியூயார்க்கின் ஆடைத் தொழிற்சாலைகள் டொமினிகன் பெண்களைத் தையல் மெஷினில் உட்கார வைத்தன. பிறகு அந்தத் தொழிற்சாலைகளே ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வெளிநாட்டுக்குப் போயின. முந்தைய தலைமுறைக் குடியேறிகள் ஏறிப்போன ஏணி, இவர்கள் முதல் படியில் கால் வைத்ததும் இல்லாமல் போயிற்று. கறுப்பு, கலப்பு நிறத்தவர் பெரும்பான்மை என்பதால் வீடு தேடும்போதும் வேலை தேடும்போதும் நிறமும் குறுக்கே நின்றது.

இப்போது என்ன வேலை பார்க்கிறார்கள்?

ஆண்கள் டாக்சி ஓட்டுகிறார்கள், கட்டட வேலை, ஓட்டல் சமையல், 'பொதேகா' என்கிற மூலைக்கடை. பெண்கள் அழகு நிலையம், துப்புரவு, எல்லாவற்றுக்கும் மேல் ஹோம் எய்ட் வேலை. முதியவர்களின் வீட்டுக்கே போய்க் குளிப்பாட்டி, மாத்திரை நினைவூட்டி, கஞ்சி வைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொள்வது.

நியூயார்க் நகரில் 2025-இல் இந்த வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 19.10 டாலர். வாரம் 40 மணி, 52 வாரமும் ஒரு நாள் விடாமல் போனால் 39,728 டாலர். இதில் 24 மணி நேர ஷிப்ட் என்று ஒன்று உண்டு. முதியவர் வீட்டிலேயே ஒரு முழு நாள் தங்க வேண்டும். தூக்கத்துக்கு 8 மணி, சாப்பாட்டுக்கு 3 மணி கழித்து 13 மணிக்கு மட்டும் கூலி தரலாம் என்று விதி. அந்த விதி செல்லும் என்று நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. இரவு மூன்று முறை எழுந்து முதியவரைப் புரட்டிப் படுக்க வைப்பவருக்கு எட்டு மணி நேரத் தூக்கம் எங்கிருந்து வரும்? அந்த விதியை மாற்றக் கோரி அந்தப் பெண்கள் தெருவில் இறங்கியது முற்றிலும் நியாயம்.

முகாமில் ஒரு அம்மா என் முன்னால் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து இரண்டு ஏஜென்சிகள் கொடுத்த டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளத் தாள்கள், பிறகு ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கத்தை வெஸ்டர்ன் யூனியன் பணம் அனுப்பும் ரசீது. "மிஹோ, இதெல்லாம் அம்மாவுக்கு அனுப்பியது. வரியில் கழிப்பார்களா?" என்றார். மிஹோ என்றால் மகனே. நம் ஊரில் தம்பி என்பது மாதிரி யாரையும் கூப்பிடுவார்கள்.

கழிக்க முடியாது. வெளிநாட்டில் இருக்கும் பெற்றோரைச் சார்ந்தவராகக் காட்ட வேண்டுமானால் அவர் அமெரிக்கக் குடிமகனாகவோ, அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில் வசிப்பவராகவோ இருக்க வேண்டும். டொமினிகன் ஊரான பானியில் இருக்கும் அம்மாவும் கணக்கில் வரமாட்டார், பரமக்குடியில் இருக்கும் அம்மாவும் வரமாட்டார். நான் சொன்னதும் அவர் ரசீதுகளை ஒவ்வொன்றாக நேராக்கி, அதே ரப்பர் பேண்டைப் போட்டு உள்ளே வைத்தார்.

அம்மாவை இங்கேயே அழைத்துக்கொண்டால் என்ன?

அழைக்கிறவர் வருமானம் காட்ட வேண்டும். வறுமைக்கோட்டின் 125 சதவீதம். 2025-இல் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு வறுமைக்கோடு 32,150 டாலர்; அதன் 125 சதவீதம் 40,187. இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கும் ஹோம் எய்ட் ஒருவர் தன் அம்மாவை நான்காவது ஆளாக அழைக்க வேண்டுமானால் இவ்வளவு வேண்டும். வருடம் முழுவதும் லீவே போடாமல் உழைத்தால் அவருக்கு வருவது 39,728. 459 டாலர் குறைகிறது. கூட்டாகக் கையெழுத்துப் போட வேறொருவரைத் தேடிப் போக வேண்டியதுதான்.

வறுமைக்கோட்டுக்கு மேலே இருந்தால் பரவாயில்லைதானே?

அந்தக் கோடு மிசிசிப்பிக்கும் மன்ஹாட்டனுக்கும் ஒரே கோடு. வாடகையை அது பார்ப்பதே இல்லை. வாஷிங்டன் ஹைட்ஸில் இன்று புதிதாக ஒரு படுக்கையறை வீடு தேடினால் மாதம் 2,000 டாலருக்கு மேல் கேட்பார்கள். வருடத்துக்கு 24,000. மீதியில் சாப்பாடு, மெட்ரோ, மருந்து, ஊருக்கு.

பழைய குடித்தனக்காரர்களைக் காப்பாற்றுவது வாடகை உயர்வுக்கு நகர வாரியம் வரம்பு விதிக்கும் வீடுகள். வெளியே இரும்புப் படிக்கட்டு தொங்கும் ஐந்தாறு மாடிச் செங்கல் கட்டடங்கள். அங்கே ஒரு குடும்பம் இருபது வருடமாக அதே வீட்டில் இருந்தால் வாடகை கட்டுப்படியாகும். காலி செய்துவிட்டால் அந்த வாடகையில் இன்னொரு வீடு கிடைக்காது. அதனால்தான் ஐந்து பேர் இரண்டு அறையில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். சொந்த வீடு வைத்திருக்கும் டொமினிகன் குடும்பங்கள் நூற்றுக்கு முப்பது அளவில்தான். நியூயார்க்கில் வாழ்வதே அதற்குப் பாதிக் காரணம், அந்த நகரத்தில் எல்லா இனத்தாரிலும் வாடகைக்காரர்களே அதிகம்.

ஊருக்கு அனுப்பும் பணம் எவ்வளவு?

அண்மை ஆண்டுகளில் டொமினிகன் குடியரசுக்கு வெளிநாட்டிலிருந்து போகும் பணம் ஆண்டுக்கு 1,000 கோடி டாலர் அளவில், அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அமெரிக்காவிலிருந்து. அங்கே ஏஜென்சி ஆட்கள் வீட்டு வாசலுக்கே பணத்தைக் கொண்டு வந்து கொடுப்பார்கள், நம் ஊரில் தபால்காரர் மணியார்டர் கொண்டு வந்த மாதிரி. கிறிஸ்துமஸ் நெருங்கினால் அரிசி, எண்ணெய், சோப்பு, பழைய துணி, விளையாட்டுச் சாமான் எல்லாம் பெரிய நீல டிரம்மில் அடைத்துக் கப்பலில் அனுப்புவார்கள்.

இந்தப் பணம் எந்த ஒப்பீட்டிலும் தெரிவதில்லை. பானி, சான்டியாகோ போன்ற டொமினிகன் ஊர்களில் எழும்பும் காங்கிரீட் வீடுகளுக்கான காசு பிராங்ஸில் சம்பாதித்தது. அமெரிக்கப் புள்ளிவிவரத்தில் அந்தக் குடும்பம் சொத்தில்லாத வாடகைக் குடும்பம். ஆஸ்திரேலியர் விஷயத்தில் பணம் இப்படி ஓட வேண்டிய அவசியமே குறைவு. ஊரில் பெற்றோருக்கு ஓய்வூதியம் இருக்கிறது.

2026 ஜனவரி முதல் ரொக்கமாகக் கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு அமெரிக்காவில் 1 சதவீத வரி. வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் கிடையாது. கவுன்டரில் நோட்டை எண்ணிக் கொடுப்பவர் யார் என்று யோசித்தால் இந்த வரி யார் தலையில் விழுகிறது என்று தெரிந்துவிடும்.

டொமினிகன்கள் அரசு உதவியில்தான் வாழ்கிறார்கள் என்கிறார்களே?

1996 சட்டப்படி, கிரீன் கார்டோடு வரும் வயதுவந்தவர்களில் பெரும்பாலோர் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு மத்திய அரசின் உணவு உதவி போன்றவற்றைப் பெற முடியாது. அதற்குப் பிறகு வாங்குபவர்கள் நிறைய இருக்கிறார்கள், ஆனால் நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போய்க்கொண்டே வாங்கியவர்கள். முகாமில் அவர்களுக்குக் கிடைத்த பெரிய தொகை, குறைந்த வருமான உழைப்பாளிகளுக்கான வரிச் சலுகை. வேலை செய்து சம்பாதித்தால்தான் அது வரும். 2024 வரியாண்டில் இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதிகபட்சம் 6,960 டாலர்.

ஓய்வுக் காலம்?

ஆஸ்திரேலியாவுடன் அமெரிக்காவுக்கு 2002 அக்டோபர் முதல் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் உண்டு. இரண்டு நாட்டிலும் உழைத்த ஆண்டுகளைக் கூட்டித் தகுதி பார்ப்பார்கள். டொமினிகன் குடியரசுடன் அப்படி ஒப்பந்தம் இல்லை. இந்தியாவுடனும் இல்லை.

அடுத்த தலைமுறை எப்படி?

நன்றாக ஏறி வருகிறது. அமெரிக்காவில் பிறந்த டொமினிகன்களிடையே கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள், அங்கிருந்து வந்த பெற்றோரைவிடக் கணிசமாக அதிகம். நியூயார்க் நகரப் பொதுப் பல்கலைக்கழகத்தின் சிட்டி காலேஜில் 1992-இலிருந்தே டொமினிகன் ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. சிறுவயதில் விசாக் காலம் முடிந்து சில காலம் ஆவணமில்லாமல் இருந்த அட்ரியானோ எஸ்பாயத், 2016 தேர்தலில் வென்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன முதல் டொமினிகன் ஆனார். டொமினிகன் பெற்றோருக்குப் பிறந்த டாம் பெரேஸ் 2013 முதல் 2017 வரை தொழிலாளர் துறை அமைச்சராக இருந்தார். வந்தவர்களையும் பிறந்தவர்களையும் ஒன்றாகக் குழைத்துக் காட்டும் பட்டியலில் இந்த ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது.

இவ்வளவு குறைந்த வருமானத்தில் சேமிக்க முடிகிறதா?

சீட்டுப் போடுகிறார்கள். அவர்கள் மொழியில் அதற்கு 'சான்' என்று பெயர். நம் குலுக்குச் சீட்டேதான்: ஏலம் இல்லை, தள்ளுபடி இல்லை, பத்திரம் இல்லை. பன்னிரண்டு பேர் வாரம் 100 டாலர் போட்டால் வாரம் ஒருவர் 1,200 எடுப்பார். யாருக்கு எந்த வாரம் என்று எண் கொடுத்துவிடுவார்கள். பிடிப்பவர் பெரும்பாலும் அழகு நிலையம் நடத்தும் பெண்ணோ, கட்டடத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பெரியம்மாவோ. இதில் ஒரு நாள் பிந்தாமல் இருபது வருடம் கட்டியவருக்கும் வங்கியில் கடன் மதிப்பெண் ஏறாது, வங்கிக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது.

ரசீதுக் கத்தை கொண்டு வந்த அந்த அம்மா, வரி திரும்பி வரும் தேதியை என்னிடம் இரண்டு முறை கேட்டார். பிறகு ஒரு சின்ன நோட்டைத் திறந்து காட்டினார். பன்னிரண்டு பெயர், எதிரே கட்டம் கட்டமாக நீல மையில் பெருக்கல் குறிகள். ஏழாவது வரியில் அவர் பெயர். மகளுக்கு நர்சிங் படிப்பின் முதல் பருவக் கட்டணம் கட்ட வேண்டிய வாரமும் அதுதான். ஆறாவது வரிக்காரி, மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாளாம், அவளுக்கு ஊரில் தகப்பனாருக்குக் கண் ஆபரேஷன். வரிப் பணம் முன்னால் வந்துவிட்டால் மாற்றிக் கொடுத்துவிடுவேன் என்றார். நான் படிவத்தை அன்றே மின்வழியில் அனுப்பினேன்.